நெற்றி ஏறும் வயதில்

“முன்னாடி லேசா ஏறுதே தம்பி” என்று சலூன்காரர் சீப்பை நெற்றியோரம் வைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். அவருக்கு அது பேச்சோடு பேச்சாக வந்த வார்த்தை. நாற்காலியில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். குளியலறை விளக்கின் கீழே நின்று நெற்றியைப் பார்ப்பான். பள்ளிக்கூடத்துப் படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பான். தலையணையில் கிடக்கும் முடியை எண்ணுவான். அப்பாவின் தலையையும் தாய்மாமன் தலையையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். யாரிடமும் வாய்திறக்க மாட்டான். சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இதை அற்பக் கவலை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வேலைக்கான நேர்காணல், காதல், கல்யாணப் பேச்சு எல்லாம் இனிமேல்தான் வரவேண்டிய வயது அது. அந்த வயதில் கண்ணாடியில் தெரியும் முகமே மாறத் தொடங்கினால் யாருக்கும் பதற்றம் வரும். “முடிதானே, போனால் போகட்டும்” என்ற ஆறுதல் அங்கே எடுபடாது. நெற்றியோரத் தோலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதற்றம் நிச்சயம் குறையும். அங்கே நடப்பது வியப்பானதும்கூட.

நெற்றி ஏறுவதெல்லாம் வழுக்கை இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிறுவர்களுக்கு முடி தொடங்கும் கோடு தாழ்வாக, நெற்றியை ஒட்டி வளைந்திருக்கும். குரல் உடைந்து மீசை அரும்பிய சில ஆண்டுகளில், பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அந்தக் கோடு ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் மேலே நகரும். நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு மூலைகளும் கொஞ்சம் கூடுதலாக உள்வாங்கும். பிறகு பலருக்கு அது அங்கேயே நின்றுவிடும். புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் கோடுகள் விழுமல்லவா, அவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதிலிருந்து ஏறக்குறைய ஒரு விரல் அகலத்தில் முடி தொடங்கினால் அது பெரும்பாலும் இந்த இயல்பான ஏற்றம்தான். பையன் ஆளாகிவிட்டான் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. இரவெல்லாம் விழித்துக் கவலைப்படும் பையன்களில் பலர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

உண்மையான வழுக்கையின் தொடக்கத்தை நெற்றியின் உயரம் காட்டிக்கொடுப்பதில்லை, அங்கே நிற்கும் முடியின் தடிமன் காட்டிக்கொடுக்கும். தோல் மருத்துவர் சிறு உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்துப் பார்க்கும்போது தேடுவது இதைத்தான். ஒரே இடத்தில் தடித்த முடியும் மெலிந்த முடியும் பூனைமுடி போன்ற குட்டை முடியும் கலந்து நிற்கிறதா, அப்படித் தடிமன் மாறிய முடிகள் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பிடரியில் உள்ள முடியோடும் ஒப்பிடுவார். ஆண் வழுக்கையின் படிநிலைகளை அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1951இல் வகுத்தார். 1975இல் ஓ'டார் நார்வுட் என்ற மருத்துவர் அதைத் திருத்தி ஏழு நிலைகளாக்கினார். இன்றும் மருத்துவர்கள் அந்த வரிசையில்தான் பேசுகிறார்கள். அதில் இரண்டாம் நிலையில் இருப்பவர் தன்னை வழுக்கை என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு முடியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. வெளியே நாம் பார்ப்பதும் வாருவதும் உயிரற்ற புரத இழை. உயிர் இருப்பது தோலுக்குக் கீழே, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலுக்குள். உடல் முழுவதும் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள். அத்தனையும் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூடச் சேர்வதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தன் போக்கில் வளர்ச்சி, சுருக்கம், ஓய்வு என்று சுழன்றுகொண்டே இருக்கிறது. தலையில் வளர்ச்சிக்காலம் இரண்டிலிருந்து ஆறு ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் முடி நீளும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் மயிர்க்காலின் அடிப்பகுதி சுருங்கி மேலே வரும். சுமார் மூன்று மாத ஓய்வு. ஓய்வின் முடிவில் பழைய முடி உதிர, அதே குழியில் புது முடி கிளம்பும்.

ஆகவே தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பான கணக்கு. உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளையாகச் சிறு உருண்டை இருந்தால் “வேரோடயே வந்துடுச்சு” என்று பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் இறுகிய அடிமுனை அது. மயிர்க்கால் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

வழுக்கையில் நடப்பது வேறு. அதற்கு உட்பட்ட மயிர்க்காலில் ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக்காலம் குறுகுகிறது. மூன்றாண்டு வளர வேண்டிய முடி ஓராண்டோடு நின்றுவிடும், அடுத்த சுற்றில் சில மாதத்தோடு. காலம் குறையக் குறைய மயிர்க்காலும் சிறுக்கும், அதிலிருந்து வரும் முடியும் மெலியும், நிறம் வெளுக்கும். கடைசியில் குழந்தையின் கன்னத்தில் இருப்பதைப் போன்ற கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி மட்டும் முளைக்கும். பளபளக்கும் முன்மண்டையிலும் உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த மெல்லிய முடிகள் நிற்பது தெரியும். அங்கே முடி ‘கொட்டிவிட்டது’ என்று சொல்வதைவிடச் சிறுத்துப் போனது என்று சொல்வதே சரி. தலையணை முடியை எண்ணுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். உதிர்ந்ததை எண்ணலாம், அதற்குப் பதில் முளைத்து வருவது எவ்வளவு மெலிந்தது என்பதை எண்ணிக்கை சொல்லாது.

2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரேலிஸ் குழுவினர் ஒரே ஆண்களின் வழுக்கைப் பகுதியிலிருந்தும் முடியுள்ள பகுதியிலிருந்தும் தோலை எடுத்து ஒப்பிட்டார்கள். மயிர்க்காலைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இருந்தன. அவற்றிலிருந்து அடுத்த கட்டமாகப் பிறக்க வேண்டிய அணுக்கள் மட்டும் வழுக்கைப் பகுதியில் மிகவும் குறைந்திருந்தன. விதை அப்படியே இருக்கிறது, முளைக்கச் சொல்லும் கட்டளைதான் தடைபட்டிருக்கிறது. வழுக்கைக்கு முழுத் தீர்வு வரும் என்று ஆய்வாளர்கள் இன்னும் நம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கட்டளையைத் தடுப்பது யார்? பருவத்துக்கு முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள நூல்களிலேயே குறிப்பு இருக்கிறது. அதைச் சோதித்து உறுதிசெய்தவர் மேலே சொன்ன ஹாமில்டன். 1942இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, பருவமடையும் முன் விரை செயலிழந்தவர்களுக்கு வயதானாலும் நெற்றி ஏறவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி குறையத் தொடங்கியது. ஹார்மோனை நிறுத்தியதும் குறைவது நின்றது, போன முடி திரும்பவில்லை. ஹார்மோன், பரம்பரை, காலம் மூன்றும் சேர வேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அடுத்த திறவுகோல் கரீபியக் கடலோரம் கிடைத்தது. டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில், பிறக்கும்போது பெண்போலத் தோன்றிப் பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவத்தில் ஆணாக மாறும் பிள்ளைகள் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்துவந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி அவர்களை ஆராய்ந்து 1974இல் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற பல மடங்கு வீரியமுள்ள ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குத் தசை வலுவாக இருந்தது, குரல் ஆண்குரலாக இருந்தது. தாடி மட்டும் அடர்த்தியாக வரவில்லை, புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, நெற்றியும் ஏறவில்லை. மெர்க் மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்புக்கு அப்போது வந்திருந்த ராய் வேகலோஸ் இதைக் கவனித்தார். அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைட். 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் குறைந்த அளவில் ஆண் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எனக்கு இந்த விஷயத்தில் அடங்காத வியப்பு ஒன்று உண்டு. தலையின் முன்பக்கம் முடியைச் சிறுக்க வைக்கும் அதே ஹார்மோன்தான் முகத்தில் தாடியைத் தடிக்க வைக்கிறது. ஒரே ரத்தத்தில் ஓடும் ஒரே பொருள், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு எதிரெதிர் வேலை செய்கிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகேகி இனுயி, சதோஷி இதாமி இருவரும் இதை ஆராய்ந்தார்கள். தாடி மயிர்க்காலின் அடியில் உள்ள அணுக்கள் ஆண் ஹார்மோன் பட்டதும் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைச் சுரந்தன. வழுக்கை விழும் முன்மண்டையின் அணுக்கள் அதே ஹார்மோனுக்கு வளர்ச்சியை அடக்கும் புரதத்தைச் சுரந்தன. பிடரி முடி இந்தக் கட்டளையைப் பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை. எவ்வளவு வழுக்கை விழுந்தாலும் காதோரமும் பிடரியும் முடியோடு இருப்பது இதனால்தான். வழுக்கை விழுந்தவர்களுக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்று சொல்வதும் தவறு. பெரும்பாலோருக்கு ரத்தத்தில் அதன் அளவு மற்றவர்களுக்கு இருப்பதைப் போலத்தான் இருக்கும். வேறுபடுவது மயிர்க்காலின் கூருணர்வு. சுயஇன்பத்தால் முடி கொட்டும் என்று பையன்களைப் பயமுறுத்துகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மயிர்க்கால் தான் பிறந்த இடத்தை எவ்வளவு உறுதியாக நினைவில் வைத்திருக்கிறது என்பதை நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் நேரடியாகவே காட்டினார். பிடரித் தோலின் சிறு வட்டங்களை எடுத்து வழுக்கை விழுந்த முன்மண்டையில் பதித்தார். அங்கே போன பிறகும் அவை பிடரி முடியாகவே தொடர்ந்து வளர்ந்தன. வழுக்கைத் தோலை எடுத்துப் பிடரியில் வைத்தார், அது அங்கேயும் வழுக்கையாகவே இருந்தது. 1959இல் வெளியான இந்த முடிவுதான் இன்றைய முடி நடும் சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை. அவருக்கு முன்பே 1939இல் ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்பவர் தீக்காயம் பட்டவர்களுக்கு இப்படி முடி நட்டுக் காட்டியிருந்தார். போர் மூண்டதால் அந்த ஆய்வு மேற்கு நாடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

மனிதனுக்கு மட்டும் வந்த குறையும் இல்லை இது. அஸ்ஸாம் போன்ற நம் வடகிழக்கு மாநிலக் காடுகளில் வாழும் குட்டைவால் குரங்குக்குப் பருவம் வந்த பிறகு நெற்றியில் முடி மெலிகிறது, ஆண் பெண் இரண்டுக்கும். வழுக்கை மருந்துகள் அந்த இனத்திலும் சோதிக்கப்பட்டன.

“அம்மாவோட அப்பா தலை எப்படியோ, பேரன் தலை அப்படித்தான்” என்று வீடுகளில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வரும். வழுக்கையோடு மிக வலுவான தொடர்புள்ள மரபணு அதுதான். ஆனால் பிரிட்டனில் 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுத் தகவலை எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். அவற்றில் 40 மட்டுமே எக்ஸ் குரோமோசோமில் இருந்தன. மீதி அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். எனவே தாத்தாவின் படத்தைப் பார்த்து எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட முடியாது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் தலை வேறுவேறாக இருப்பதும் இதனால்தான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 50 வயதை எட்டும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரளவு வழுக்கை இருக்கிறது. இத்தனை ஆண்களுக்கு நேர்வதை நோய் என்று அழைக்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நம் ஊரில் பழி போகும் இடமே வேறு. “ஹாஸ்டல் தண்ணி”, “போர் தண்ணி”, “ஹெல்மெட்”, வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு “துபாய் தண்ணி”. இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது உண்மை, கோத்த காரணம்தான் தவறு. கணக்கைப் பாருங்கள். பையன் 18 வயதில் வீட்டைவிட்டு விடுதிக்குப் போகிறான். அதே வயதில்தான் பைக்கும் ஹெல்மெட்டும் வருகின்றன. இருபதுகளின் நடுவில் வெளிநாட்டு வேலை. நெற்றிக்கோடு நகரத் தொடங்குவதும் இதே ஆண்டுகளில். இரண்டும் ஒன்றாக நடப்பதால் தண்ணீர் மேலே பழி விழுகிறது. உப்புத் தண்ணீர் முடியின் வெளி இழையைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், இழை நடுவே ஒடியவும் செய்யலாம். நான்கு மில்லிமீட்டர் கீழே இருக்கும் மயிர்க்காலை அது தொடுவதில்லை. ஹெல்மெட்டும் அப்படியே. மயிர்க்காலுக்கு வேண்டிய பிராணவாயு உள்ளேயிருந்து ரத்தத்தில் வருகிறது. தலைக்காற்று தடைபட்டால் முடி சாகாது. முடிக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றும் பையன்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அதை மாட்டிக்கொள்ளுங்கள்.

பழநியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பதும் அப்படித்தான். அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரட் ட்ராட்டர் 1928லேயே மழிப்பதால் முடியின் வேகமோ தடிமனோ நிறமோ மாறுவதில்லை என்று அளந்து காட்டினார். நீண்ட முடியின் நுனி மெலிந்திருக்கும், மழித்தபின் முளைப்பது தட்டையான வெட்டுமுனையோடு வரும். அதனால்தான் கைக்கு முரடாகப் படுகிறது. வேண்டுதலுக்கு மொட்டை போடுவது நம்பிக்கை, அதன் மதிப்பு தனி. வழுக்கைக்கு அது மருந்தில்லை. எண்ணெயும் மயிர்க்காலைத் தொடுவதில்லை. ஆனாலும் நம் பாட்டிமார் தவறு செய்யவில்லை. தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வந்த ஓர் இந்திய ஆய்வு காட்டியது, சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தக் குணம் தென்படவில்லை. இருக்கிற முடியைப் பேண எண்ணெய் உதவும்.

முடி உதிர்வதெல்லாம் பரம்பரை வழுக்கையும் அல்ல. டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி உதிரும். காய்ச்சலின்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போனதன் விளைவு அது. ஓய்வு முடிந்து ஒரே சமயத்தில் விழும்போது பார்க்கவே அச்சமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே சரியாகிவிடும். பட்டினி கிடந்து வேகமாக உடம்பைக் குறைத்தாலும், இரும்புச்சத்து குறைந்தாலும், தைராய்டு கோளாறிலும் இப்படி ஆகலாம். காசு அளவுக்கு வட்டமாக முடி போனால் அது புழுவெட்டு. புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்காலையே தாக்குவதால் வருவது. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மருத்துவரைப் பார்க்காமல் கடையில் மருந்து வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பரம்பரை வழுக்கைக்கு உறுதியான ஆதாரமுள்ள மருந்துகள் இன்றைக்கும் முக்கியமாக இரண்டு. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி முளைக்கவே, அதைத் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம், பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புது முடி வருவதால். இதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதம் வேண்டும், நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்த பலன் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் மிகக் கவனம், இந்தத் திரவம் பூனைக்கு விஷம்.

ஃபினாஸ்டிரைட் மாத்திரையை 18 முதல் 41 வயது வரை உள்ள 1,553 ஆண்களிடம் சோதித்தார்கள். இரண்டாண்டு முடிவில் அதைச் சாப்பிட்டவர்களில் 83 சதவீதத்தினருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையவில்லை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி. இரண்டு மருந்துகளும் உச்சியில் தரும் பலனை நெற்றியோரத்தில் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. தொடக்க ஆய்வுகளில் 100 பேரில் சுமார் 4 பேருக்குப் பாலுணர்வு சார்ந்த பக்கவிளைவு இருந்தது, வெற்று மாத்திரையில் 2 பேருக்கு. நிறுத்தினாலும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவாக வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பையன் இதை நண்பன் சொன்னான் என்று வாங்கி விழுங்கக் கூடாது. மருத்துவரிடம் மனநிலையையும் சொல்லி, கேட்டு, முடிவெடுக்க வேண்டிய மருந்து இது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது, வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

முடி நடும் சிகிச்சை நாற்று நடவுதான். பிடரியாகிய நாற்றங்காலில் இருந்து பறித்து முன்மண்டையில் நடுகிறார்கள். நாற்றங்கால் அளவானது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. இருபத்தொரு வயதில் நெற்றியோரத்தில் தாழ்வாக ஒரு கோடு நட்டுவிட்டால், நட்ட முடி அங்கேயே நிற்கும், அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி தன் விதிப்படி மெலிந்துகொண்டே போகும். முப்பத்தைந்தில் முன்னால் ஒரு வரிசையும் நடுவில் வெட்டவெளியுமாக நிற்க நேரும். அப்போது நிரப்பப் பிடரியில் முடி மிச்சம் இருக்காது. இதனால் பொறுப்புள்ள மருத்துவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையை ஒத்திப்போடச் சொல்வார்கள். “இன்னைக்கே பண்ணிக்கலாம், தள்ளுபடி உண்டு” என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்தான். 2016இல் சென்னையில் 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி நட்டுக்கொள்ளப் போய் இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே அந்த நிலை. மயக்க மருந்து, கிருமி நீக்கம், அவசர சிகிச்சை வசதி எல்லாம் வேண்டிய அறுவை சிகிச்சையை அழகு நிலையத்தில் செய்துகொள்ள முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்கிறது. போகும் இடத்தில் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே போதிய பதில்.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைக் குணமாக்குவதாகவோ தடுப்பதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி வளரவைப்பதும் இருக்கிறது. அப்படியிருந்தும் மூலிகை எண்ணெய், மாத்திரை, சீரம் என்று ‘நூறு சதவீத உத்தரவாத’ விளம்பரங்கள் கைப்பேசித் திரையை நிறைக்கின்றன. முதல் மாதச் சம்பளத்தை இதில் தொலைக்கும் பையன்களைப் பார்க்க வயிறு எரிகிறது.

தினமும் கண்ணாடி முன் நிற்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியை நெற்றிக்கு அருகில் உயர்த்திப் பிடித்து எடுத்த படத்தை நம்பாதே. லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், உச்சியில் விளக்கிருந்தால் முடி இல்லாத இடம்போலத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே தூரத்தில் படம் எடுத்து வைத்துக்கொள். அது போதும். மாற்றம் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. மயிர்க்கால் முழுதாகச் சிறுத்துப்போகும் முன் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம். சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது சரியான முடிவுதான். ரஜினிகாந்த் திரைக்கு வெளியே ஒப்பனை முடி இல்லாமல் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறார், கைதட்டல் குறைந்ததில்லை. நாளுக்குப் பலமுறை நெற்றியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் பேசு. முடியைவிட முதலில் கவனிக்க வேண்டியது அது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், பல மாதம் கழித்து ஊருக்கு வந்த பையனைப் பார்த்ததும் “என்னடா, முடியெல்லாம் போச்சு” என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். சாப்பிட்டாயா, வேலை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.